துளசிமணி பக்கம் திரும்பிய தட்டைப்பயறு

எங்கள் ஊஞ்சவலசில் மின்சாரம் எடுக்கும் காற்றாடிகளை நட்ட பிறகு நிழல்கள் ஓரிடத்தில் கிடப்பதை விட்டுவிட்டன. உடுமலைக்குக் கிழக்கே, ஆனி மாதக் கணவாய்க் காற்று கதவைக் கீலோடு பிடுங்குகிற ஊர் எங்களுடையது. இருபத்தாறு காற்றாடிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று இறக்கை, ஒவ்வொரு இறக்கைக்கும் ஒரு நீள நிழல், அந்த நிழல்களெல்லாம் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை கூரை மேலும் மாட்டு முதுகு மேலும் கல்யாணப் பந்தல் மேலும் சாப்பிட உட்கார்ந்தவன் இலை மேலும் வீசி வீசிப் போகும். அதனால் கண் சிமிட்டாத ஆளே இங்கே கிடையாது. வெளியூரிலிருந்து வாழ வந்த பெண் முதல் ஆறு மாதம், ஊரே தன்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடியே தண்ணீருக்குப் போவாள். ஆறு மாதம் கழித்து அவளும் சிமிட்ட ஆரம்பித்துவிடுவாள்.

இப்படிப்பட்ட ஊரைத்தான் தேடிக்கொண்டிருந்ததாகச் சொல்லிக்கொண்டு ஒரு வைகாசியில் மெர்லின் மேடம் ஜீப்பில் வந்து இறங்கினாள். மார்த்தாண்டத்துக்காரி, பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி, முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆறுச்சாமியின் டீக்கடையில் உட்கார்ந்து, கையில் இருந்த டீயை ஆறவிட்டுவிட்டு, எங்களுக்குப் பாடம் எடுத்தாள்.

"வெயில் கூடினா செடி தன் இலையோட வாசலைச் சாத்திக்கிடும், நம்ம கண்ணைச் சுருக்குற மாதிரி. பெறவு நிழல் விழுந்தாலும் சாத்தின வாசலை உடனே தெறக்காது. அரை மணிக்கூர் ஆகும். அந்த நேரத்துல கிடைக்கிற வெளிச்சம் எல்லாம் வீணு. நாங்க இந்தத் தட்டைப்பயறுல மூணு மரபணுவை மாத்தியிருக்கோம். இது உடனே தெறக்கும், உடனே சாத்தும். ஒரு பொட்டு வெளிச்சத்தை விடாது. உங்க ஊர்ல நிமிசத்துக்கு நாப்பது தடவ நிழல் அடிக்குது. இங்க ஜெயிச்சா எங்கேயும் ஜெயிக்கும்."

ஆறுச்சாமி வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார். "ஏனுங் மேடம், அத்தன வெளிச்சத்தயும் தின்னுபோட்டு அதுக்கு வயித்தால போயிறாதுங்களா?"

மேடம் அதை ஒரு நல்ல கேள்வி என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து ஆறுச்சாமி தன்னையும் அந்த ஆராய்ச்சியில் ஒரு பங்காளியாகவே நினைத்துக்கொண்டார்.

மேடம் விதைக்கத் தேர்ந்தெடுத்த காடு மாராத்தாளுடையது. மானாவாரி நிலத்தை நாங்கள் காடு என்போம். மாராத்தாளின் ஒரே மகன் நாச்சிமுத்து, எட்டு வருடத்துக்கு முன் வாய்க்கால் பாலத்திலிருந்து வண்டியோடு விழுந்து போய்ச் சேர்ந்த பிறகு, அந்த இரண்டு ஏக்கரில் ஏர் பூட்டவில்லை. மகன் உழுத மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சொல்லி அந்தப் பக்கமே போகாமல் இருந்தாள் மாராத்தாள். அமாவாசைக்கு அமாவாசை அவள் வைக்கிற ஒப்பாரியை வைத்துத்தான் தெருவில் பலர் நாள் பார்ப்பார்கள். காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாளே தவிர, காட்டைக் காட்டவும் வரவில்லை. மருமகள் துளசிமணிதான் வந்து எல்லையைக் காட்டினாள். நாற்பத்தொரு வயது, பிள்ளை கிடையாது, மாமியாரோடு அதே வீட்டில் இருந்தாள், நல்ல காரியங்களுக்கு யாரும் கூப்பிடாததால் ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்த நாள் என்ற வித்தியாசம் இல்லாமல் எப்போதும் வேலைக்குக் கிடைப்பாள். மேடம் அவளையே காவலுக்கு வைத்தாள். ஆடு வரக் கூடாது, கோழி வரக் கூடாது, ஒரு காயைக்கூட யாரும் வாயில் வைக்கக் கூடாது, காலையிலும் மாலையிலும் இலைகள் எப்படி இருக்கின்றன என்று சொல்ல வேண்டும், இவ்வளவுதான் உத்தரவு.

விதைத்த இருபத்துமூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, வானம் முழுக்க மூட்டம், சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கோழிக்கே சந்தேகம். காலை எட்டு மணிக்குத் துளசிமணி வரப்பின் தென்கிழக்கு மூலையில் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்து ராகிக்கூழை ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது, இரண்டு ஏக்கர் தட்டைப்பயறும், கடைசி வரிசையில் கடைசிச் செடியின் கடைசி இலை வரைக்கும், அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவள் எழுந்து வடக்கு மூலைக்குப் போனாள். பயிறு வடக்கே திரும்பியது. மேற்கே போனாள், மேற்கே திரும்பியது. இத்தனை பேர் பார்க்கிறபோது எப்படிச் சாப்பிடுவது என்று கூச்சப்பட்டு, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, மேடத்துக்குப் போன் போட்டாள்.

"மேடம், பயிறு என்னயப் பாக்குதுங்க."

"பாக்கட்டும்க்கா. எத்தன இலை?"

"எல்லாமுங்க."

மேடம் வந்தாள், கருவிகள் வந்தன, கருவிகளைத் தூக்க இரண்டு பேர் வந்தார்கள். துளசிமணியை ஒரு குடையின் கீழ் நிறுத்தினார்கள், ஒரு போர்வைக்குள் நிறுத்தினார்கள், ஜீப்புக்குள் உட்காரவைத்து ஊரைச் சுற்றி ஓட்டினார்கள். ஜீப் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் பயிறு திரும்பியது. அப்புறம் வேடிக்கை பார்க்க வந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தார்கள். பேத்தி பிறந்த செய்தியோடு வந்த தபால்காரருக்கு நான்கு வரிசை திரும்பியது. பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பெண்ணுக்கு ஒரு பாத்தி முழுக்கத் திரும்பியது. பல்வலிக்காரருக்கு ஒன்றுமே அசையவில்லை. மூன்றாம் நாள் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எங்களிடம் சொன்னாள். "ஒரு பொட்டு வெளிச்சமும் வீணாகக் கூடாதுன்னு செஞ்சோம். அது சொன்னதைக் கேட்டிருக்கு. சந்தோசமா இருக்க ஆளுகிட்ட ஏதோ வெளிச்சம் இருக்கு. கருவிக்குத் தெரியல்ல. இலைக்குத் தெரியுது."

நாங்கள் சரி என்றோம். காற்றைக் கம்பியில் கட்டி மின்சாரம் எடுப்பதையே ஒப்புக்கொண்ட ஊர் இது.

ஒரு வாரத்துக்குள் அந்தக் காடு எங்களுக்குத் தாலுகா ஆபீஸை விட அவசியமாகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சொஜ்ஜி முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வரப்பில் நடக்கவிட்டார்கள், பயிறு பெண்ணைப் பார்க்காமல் பெண்ணின் தங்கையைப் பார்த்ததால் ஒரு சம்பந்தம் தட்டிப்போய் வேறொரு சம்பந்தமாக முடிந்தது, புது வீடு கட்டியவர்கள் ஒறம்பரையை, சொந்தபந்தத்தை எல்லாம் வீட்டுக்கு அழைப்பதற்கு முன் காட்டுவழியாக அழைத்து வந்து யாருக்கு நிஜமாகவே சந்தோசம் என்று பார்த்துக்கொண்டார்கள், அதில் சொந்த அண்ணனுக்கு ஓர் இலைகூட அசையாமல் எதிர்வீட்டு இஸ்திரிக்காரருக்கு அரைக்காடு திரும்பியதும் உண்டு, தோற்ற வேட்பாளரைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்ன கட்சிக்காரர்கள் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள், பள்ளிக்கூட ஆசிரியர் மாறுதல் கேட்டு எழுதிப் போட்டதை அவர் யாரிடமும் சொல்லாமலே ஊர் தெரிந்துகொண்டது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் சுற்றானாலும் காட்டோரமாகப் போய், தனக்கு இன்றைக்கு எத்தனை இலை என்று எண்ணிக்கொண்டு போனார்கள். எண்ணிக்கை குறைந்தால் அன்றைக்குச் சாயங்காலம் ஏதாவது நல்லதாகச் சமைத்துச் சாப்பிட்டார்கள். "இன்னைக்கு எனக்கு முப்பத்தாறு" என்று ஒருத்தி சொன்னால், "எனக்கு நாப்பது, நேத்து என்ற நாத்தனா ஊருக்குப் போயிட்டா" என்பாள் இன்னொருத்தி. பயிறோ இந்த வெளிச்சத்தையெல்லாம் தின்று, முழங்கை நீளத்துக்குக் காய் இறக்கியது. மேடம் ஒரு காயை அளந்தாள், மறுபடி அளந்தாள், அளவுகோலைச் சந்தேகப்பட்டு வேறு அளவுகோல் வாங்கிவரச் சொன்னாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒன்றைத் தவிர. யார் நின்றாலும், எவ்வளவு சந்தோசத்தோடு நின்றாலும், துளசிமணி கூப்பிடு தூரத்தில் வந்துவிட்டால் பயிறு அவர்களை விட்டுவிட்டு அவள் பக்கம் போய்விடும். கல்யாணமாகி மூன்றே நாளான ஜோடி கையைக் கோத்துக்கொண்டு வரப்பில் நின்றது, காடே அவர்களைப் பார்த்தது, அப்போது துளசிமணி ஓர் ஆட்டை விரட்டிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினாள், அவ்வளவுதான். புதுப்பெண் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். வெள்ளைச் சேலை கட்டாவிட்டாலும் வெளிறிய சேலை கட்டி, யார் வீட்டு விசேசத்திலும் முன்னால் வராமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு எட்டு வருடமாக இருக்கிற ஒரு பெண்ணிடம், ஊரிலேயே அதிகமாக அப்படி என்ன இருக்க முடியும்?

கேள்வியைக் கேட்டவர்கள் பதிலையும் தாங்களே வைத்திருந்தார்கள். ஆள் இருக்கிறான்.

இந்தச் செய்தி மாராத்தாள் காதுக்குப் போனபோது அவள் மகனின் படத்துக்கு முன்னால் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த விளக்கைக் கீழே வைத்துவிட்டு மருமகளைக் கூப்பிட்டாள்.

"அம்முணி, எவன்னு சொல்லிப்போடு."

"ஆருமில்லீங்க அத்தெ."

"ஆளில்லாம எப்புடி அத்தன பயிறும் திரும்பும்? ஒண்ணா எவன்னு சொல்லு, இல்லீனா உன்ற துணிமணிய எடுத்துட்டுப் பொறந்த ஊட்டுக்குப் போயிரு. என்ற மவன் ஊட்டுல இருந்துட்டு, அவனுக்கு வெளக்குப் போட்டுட்டு, நீ உள்ளுக்குள்ளார சிரிச்சிட்டு இருப்பயா?"

பிறந்த வீடு என்று ஒன்று துளசிமணிக்கு இல்லை. அம்மா அப்பா போன பிறகு அண்ணன் அதை விற்றுவிட்டு ஓசூர்ப் பக்கம் போய்விட்டான். இந்த வீட்டு வாசலைத் தாண்டினால் போவதற்கு அவளுக்கு ஓர் இடம் கிடையாது. அதனால் அவள் தன் சந்தோசத்தை அணைத்துவிடப் பார்த்தாள். அதற்காக ஒரு வாரம் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. வரப்பில் உட்கார்ந்து ஒரு கூடைச் சின்ன வெங்காயம் உரித்து அழுதாள், பயிறு திரும்பியது. செத்துப்போன அம்மாவை நினைத்து நிஜமாகவே அழுதாள், பயிறு திரும்பியது. இரண்டு நாள் பட்டினி கிடந்தாள், பயிறு இன்னும் நெருங்கிவந்து பார்த்தது. செருப்புக்குள் கருவேல முள்ளைப் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தாள். "போதுமுங்க சாமி, அந்தப்பக்கம் பாருங்க" என்று செடிகளிடம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மேடம் மனசு கேட்காமல் ஒரு வழி சொன்னாள். "அக்கா, உங்க சேலை நிறம்தான் காரணம்னு நான் ரிப்போர்ட்ல எழுதிடுதேன். விஞ்ஞானி சொன்னா ஊரு கேக்கும்."

துளசிமணி வேண்டாமென்று கையை ஆட்டினாள். "அப்ப உங்க பயிறு பொய் சொல்லுதுன்னு ஆயிருமுங்களே. பாவம், அது உள்ளதத்தான சொல்லுது."

ஊராட்சித் தலைவர் தண்டபாணிக்கு எதையும் கூட்டம் போட்டுத் தீர்ப்பதில் நம்பிக்கை அதிகம். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்: பதினெட்டு வயதிலிருந்து எழுபது வயது வரைக்கும் உள்ள ஊர் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும், துளசிமணி ஒரு மூலையில் நிற்க, எதிர் மூலையிலிருந்து வரப்பில் ஒவ்வொருவராக நடந்து வர வேண்டும். சம்பந்தப்பட்டவன் வந்தால் அவளுக்கும் வெளிச்சம் ஏறும், அவனுக்கும் ஏறும், பயிறு இரண்டு பக்கமும் மாறிமாறிப் பார்த்துக் காட்டிக்கொடுத்துவிடும். கோயில் பூசாரி தனக்கு விலக்குக் கேட்டார். கொடுக்கவில்லை.

இப்படி ஒரு யோசனை எங்களுக்கு மட்டும்தான் தோன்றும் என்று மேடம் பின்னால் சொன்னாள், அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டோம். குறித்த ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்க்கடையில் பவுடர் டப்பா ஒன்றுகூட மீதி இல்லை. கல்யாண வேட்டிகள் பெட்டியிலிருந்து வெளியே வந்தன, மீசைகளுக்குக் கறுப்பு ஏறியது, அறுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் சென்ட் அடித்துக்கொண்டு வந்தார். தங்கள் மேல் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொருவனும் சாமியை வேண்டிக்கொண்டான், ஓர் ஐந்தாறு இலையாவது திரும்பினால் என்ன கெட்டுப்போகும் என்றும் ஒவ்வொருவனும் ஓரமாக ஆசைப்பட்டான். மனைவிமார் எதிர் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து, கையில் கிடைத்த குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டு காத்திருந்தார்கள். மாராத்தாள் காட்டுக்குள் வரவில்லை. ரோட்டோர வேப்பமரத்தடியில், கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அன்றைக்கும் மூட்டம்.

முதல் ஆள் நடந்தார், பயிறு துளசிமணியைப் பார்த்தபடியே இருந்தது. பத்தாவது ஆள் நடந்தார், பயிறு துளசிமணியைப் பார்த்தபடியே இருந்தது. ஐம்பதாவது ஆள், எண்பதாவது ஆள், சென்ட் போட்டவர், மீசைக்காரர், பூசாரி, தலைவர் தண்டபாணி, அவர் தம்பி, அவர் தம்பிக்கு ஆகாத பங்காளி, எல்லோரும் நடந்தார்கள், நடக்கிறபோது தொண்டையைக் கனைத்தார்கள், ஒருவர் விழுந்து எழுந்தார், பயிறு ஓர் இமைப்பொழுதுகூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஆறுச்சாமி வந்தபோது மட்டும் பதினோரு இலைகள் திரும்பின. அவர் மனைவி எழுந்து நின்றாள். விசாரணை அங்கேயே நடந்தது. சர்க்கரை வியாதிக்காரரான ஆறுச்சாமி, டீக்கடைக் கூரை ஓலைக்குள் அரைக்கிலோ மைசூர்பாகு ஒளித்து வைத்திருப்பதையும், நடந்து முடிந்ததும் போய்த் தின்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்ததையும் ஒப்புக்கொண்டார். ஓர் ஆள் போய் ஓலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து, இருக்கிறது என்று சாட்சி சொன்னான்.

நூற்று நாற்பது ஆண்பிள்ளைகளைப் பார்த்த பிறகு கணக்கில் வந்தது மைசூர்பாகு மட்டும்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோரும் உம்மென்று நின்றார்கள். எதிர் வரப்பில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதில் பயிறுக்குள் ஒரு சின்னச் சலசலப்பு ஓடியது. தண்டபாணிதான் கடைசியாக, பவுடர் வேர்வையில் கரைந்து கழுத்தில் கோடாக ஒழுக, துளசிமணிக்கு முன்னால் போய் நின்றார்.

"ஆளில்லைன்னு ஊரே பாத்தாச்சு அம்முணி. அப்பறம் எதுக்கு உங்கிட்ட இத்தன வெளிச்சம்? காரணத்தயாச்சும் சொல்லிப்போடு. உன்ற மாமியா அங்க நிக்கிறா. சொல்லலீன்னா ஊட்டுக்குள்ளார உட மாட்டேன்னு நிக்கிறா. நாங்க என்னத்தச் சொல்லறது?"

துளசிமணி எங்களைப் பார்க்கவில்லை. பயிறைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் வேப்பமரம் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அவரு போனாரல்லீங், காரியமெல்லாம் முடிஞ்ச மறுநா காலைலீங்க. எந்திரிச்சேன். அடுப்பப் பத்த வெச்சேன். எனக்கு ஒரு காப்பி போட்டேன். டம்ளர எடுத்து வாயில வெச்சேன். அவரு இருக்கறப்ப காப்பி சூடா இருந்தாலும் மூஞ்சில வந்து உழுகும், ஆறிப்போனாலும் வந்து உழுகும். அன்னைக்கு அது பாட்டுக்குக் கையில இருந்துச்சு. முழுசாக் குடிச்சேன். கல்யாணம் ஆனதுல இருந்து பயப்படாமக் குடிச்ச மொதோ காப்பிங்க அது. அன்னைல இருந்து தெனமும் அப்புடித்தானுங்க. எந்திரிப்பேன், அவரு இல்லைன்னு நெனப்பு வரும், காப்பி குடிப்பேன். எனக்கு ஆருமில்லீங்க. அவரும் இல்லீங்க. அதுதானுங்க."

எங்களுக்குத் தெரியாத விசயம் இல்லை இது. நாச்சிமுத்து வீட்டில் பாத்திரம் பறப்பதும் அவள் கத்துவதும் தெருக் கடைசி வரைக்கும் கேட்கும். கேட்கிறபோது நாங்கள் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்போம், குடும்பத்துக்குள் நுழையக் கூடாது என்று பெரிய மனுசத்தனமாகப் பேசிக்கொள்வோம். அவன் செத்தபோது மாலை வாங்கிக்கொண்டு போய், இவளைப் பார்த்து, பாவம் வாழ வேண்டிய வயசு என்று சொல்லிவிட்டு வந்ததும் நாங்கள்தான். வெட்கமாக இருந்தது. இருபத்தாறு காற்றாடிகளும் மூட்டத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன, எங்கள் முகத்தை ஒரு நொடி அழித்துக் காட்டக்கூட அன்றைக்கு நிழல் இல்லை.

அப்போதுதான் வேப்பமரத்தடியிலிருந்து மாராத்தாள் கிளம்பினாள். எட்டு வருடமாக மிதிக்காத காட்டுக்குள், செருப்பில்லாத காலோடு, குடையை ஓங்கிக்கொண்டு, மேற்கு வரப்பில் ஏறி வந்தாள்.

"என்னடீ சொன்னே? என்ற மவன் செத்ததுல உனக்கு..."

மேற்குக் கடைசி வரிசைத் தட்டைப்பயறு துளசிமணியை விட்டு மெதுவாகத் திரும்பி மாராத்தாளைப் பார்த்தது. அப்புறம் அடுத்த வரிசை. அதற்கடுத்த வரிசை. சரசரவென்று ஒரு சத்தம் காட்டின் நடுப்பகுதி வரைக்கும் வந்து நின்றது. பாதிக்காடு மருமகளைப் பார்த்தபடி இருக்க, பாதிக்காடு மாமியாரைப் பார்த்து நின்றது.

மாராத்தாள் இடது பக்கம் நகர்ந்தாள், பாதிக்காடும் நகர்ந்தது. வலது பக்கம் போனாள், கூடவே வந்தது. "அக்கட்ட திரும்பு சனியனே! அவ அங்க நிக்கிறா, என்னய என்னத்துக்குப் பாக்கறே?" என்று குடையால் செடிகளை அடித்தாள், அடிபட்ட செடிகள் நிமிர்ந்து இலையை உதறிக்கொண்டு மறுபடி அவளைப் பார்த்தன. குடையை விரித்து முகத்தை மறைத்துப் பார்த்தாள், முன்வரிசைக் கொடிகள் குடைக்கு அடியில் எட்டிப் பார்த்தன. அவள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் காற்றாடியைப் பார்த்தோம்.

மாராத்தாள் குடையைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். துளசிமணி ஓடிப்போய், கொஞ்சம் தள்ளி, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள்.

"பெத்தவ இதச் சொல்லக் கூடாது அம்முணி," என்றாள் மாராத்தாள். "என்ற கையயும் முறுக்கியிருக்கறான். உனக்குத் தெரியுமல்ல."

"தெரியுமுங்க அத்தெ. தைலம் தேச்சு உட்டது நாந்தானுங்களே."

"எழவு ஊட்டுல ஒப்பாரி வெக்கறப்ப உள்ளுக்குள்ளார என்னமோ பாரத்த எறக்கி வெச்ச மாதர இருந்துச்சு. அய்யோ, வகுத்துல சொமந்தவ இப்புடி இருக்கலாமான்னு பயந்துபோயி இன்னும் சத்தமா அழுதேன். அன்னைக்கு ஆரம்பிச்சது, நிறுத்துனா ஆராச்சும் கண்டுபிடிச்சுருவாங்கன்னு நிறுத்தவே இல்ல." அவள் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நீ காப்பி குடிக்கிறத தெனமும் நான் உள்ரூம்புல இருந்து பாத்துட்டுத்தான் இருப்பேன். இவளுக்கும் அப்புடித்தான் இருக்குமோன்னு நெனப்பேன். கேக்கப் பயம். எட்டு வருசம் அம்முணி! ஒரே ஊட்டுக்குள்ளார, ஒரே சந்தோசத்த, நீ எனக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சுட்டு, நான் உனக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சுட்டு... நம்மள மாதர கூறுகெட்டவளுக எங்கீயாச்சும் இருப்பாங்களா?"

யார் முதலில் சிரித்தது என்று இன்றைக்கு வரைக்கும் ஊரில் இரண்டு கட்சி இருக்கிறது. துளசிமணி வரப்பில் விழுந்து சிரித்தாள், மாராத்தாள் அழுதுகொண்டே சிரித்தாள், மகன் பெயரைச் சொல்லித் திட்டினாள், திட்டிவிட்டு அவனுக்காக அழுதாள், அழுதுவிட்டு மறுபடி சிரித்தாள். பயிறு பாவம் திணறிப்போனது. இந்தப் பக்கம் திரும்பும், அந்தப் பக்கம் திரும்பும், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திரும்பப் பார்த்துக் கொடியோடு கொடி முறுக்கிக்கொள்ளும், முழங்கை நீளக் காய்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று அடித்துக்கொள்ளும். மேடம் நோட்டை மூடிவிட்டு, நடுக்காட்டில் மண்ணிலேயே உட்கார்ந்து, அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்பில், எதிர் வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டுப் பெண்களில் ஒருத்தி மெல்ல எழுந்து, தன் புருசனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காட்டுப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள். அடுத்தவளும் எழுந்தாள். நாங்கள் கல்யாணமானவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அவரவர் வீட்டுக்காரியிடம் ஓடினோம். "வெயில் ஏறுது, வா போலாம்" என்றோம், வானத்தில் சூரியனே இல்லை. "சோத்துக்கு நேரமாச்சு" என்றோம், மணி ஒன்பதரை. கையைப் பிடித்து அழைத்தோம், வழக்கத்தை விட மெதுவாகத்தான் பிடித்தோம். அன்றைக்கு எங்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய் நாங்களே காப்பி போட்டுக் கொடுத்தோம்.

காட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மதியமாகியும் எழுந்திருக்கவில்லை. அவர்களுக்கு அவசரம் ஒன்றுமில்லை, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பதற்கு அந்த வீட்டில் யாரும் இல்லை.